சக்கரத்தின் மேல் குடித்தனம்

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு நானும் மனைவியும் வேனிலேயே குடியிருந்து ஊர் சுற்ற ஆசை. நடக்குமா?
- ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: நடந்திருக்கிறதே! ஜெர்மானியர் குந்தர் ஹோல்டார்ஃப் 2014 வரை கால் நூற்றாண்டு, ‘ஓட்டோ’ என்று பெயரிட்ட மெர்சிடிஸ் ஜீப்பில் சுமார் 9 லட்சம் கிலோமீட்டர் சுற்றினார். அதில் பெரும்பகுதி துணைவி கிறிஸ்டினோடு. படுக்கை வண்டிக்குள்தான். 2010-ல் கிறிஸ்டின் இறந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை.

ஆனால் அவசரப்பட்டு வேன் வாங்காதீர்கள். வாடகைக்கு எடுத்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் மூன்று இரவு தங்கிப் பாருங்கள். முப்பது கிலோமீட்டர்தான், சண்டை வந்தால் வீடு பக்கம்! அதுவும் கஷ்டம் தெரிய, சித்திரையில் போங்கள். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கொசு. உப்புக்காற்றில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். கடற்கரையில் நிறுத்துவதைவிட, முற்றமுள்ள விடுதியில் காசு கொடுத்து நிறுத்துங்கள். தண்ணீரும் கழிப்பறையும் கிடைக்கும். கழிவுநீரை எங்கே கொட்டுவது என்பதுதான் தினசரித் தலைவலி. கேஸ் அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

மாமல்லபுரத்திலுள்ள ஐந்து ரதங்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டாக நகரவில்லை. உங்கள் ரதத்துக்கு அவ்வப்போது சர்வீஸ் செலவு உண்டு. வீட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள்.