மன்னிப்புத் தூண்

சவூதி அரேபியாவில் மதீனா நகரம் உள்ளது. 622-ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் அங்கே ஒரு பள்ளிவாசல் கட்டினார். பேரீச்ச மரத்தடிகள்தான் அதன் தூண்கள். கூரையும் பேரீச்ச ஓலைதான். முன்பு நம் ஊரில் ஓலை வேய்ந்த வீடுகள் இருந்தனவே, அதுபோல.

அந்தத் தூண்களில் ஒன்றுக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய நூல்கள் அதைச் சொல்கின்றன.

627-ஆம் ஆண்டு. பனூ குறைழா என்ற யூதக் குலத்தாரின் கோட்டையை முஸ்லிம்கள் சூழ்ந்து நின்றனர். "எங்கள் பழைய நண்பர் அபூ லுபாபாவை அனுப்புங்கள். அவரிடம் யோசனை கேட்க வேண்டும்" என்றனர் கோட்டைக்குள் இருந்தவர்கள். நபிகள் அவரை அனுப்பினார்.

உள்ளே பெண்களும் குழந்தைகளும் அழுதபடி ஓடி வந்தனர். அபூ லுபாபாவின் மனம் இளகியது. "நாங்கள் சரணடையலாமா?" என்று கேட்டனர். "ஆம்" என்றார். ஆனால் அவர் கை கழுத்தைக் காட்டியது. உயிர் போகும் என்று பொருள்.

கைதான் அசைந்தது. ஆனாலும், நம்பி அனுப்பியவருக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்று அங்கேயே உணர்ந்தார். நானாக இருந்தால் மறைத்திருப்பேனோ என்னவோ.

அவர் நேரே பள்ளிவாசலுக்குப் போனார். ஒரு தூணில் தம்மைக் கட்டிக்கொண்டார். இறைவன் மன்னிக்கும்வரை நகரமாட்டேன் என்றார். தொழுகை நேரத்தில் மனைவி வந்து அவிழ்த்துவிடுவார். தொழுததும் மீண்டும் கட்டு. நாட்கள் பல கழிந்தன.

ஒருநாள் விடியும் முன் மன்னிப்புச் செய்தி வந்தது. மக்கள் அவிழ்க்க ஓடினர். அவர் விடவில்லை. நபிகளின் கையால்தான் அவிழ வேண்டும் என்றார். அதிகாலைத் தொழுகைக்கு வந்த நபிகள் கட்டை அவிழ்த்தார்.

அந்த மரத்தூண் இன்று இல்லை. அதே இடத்தில் பளிங்குத் தூண் நிற்கிறது. அபூ லுபாபாவின் பெயர் அதில் அரபியில் எழுதியிருக்கிறது. 'தவ்பா' என்ற சொல்லும் இருக்கிறது. செய்த தவறுக்கு வருந்தித் திருந்துவதே தவ்பா. தூணை வணங்குவது இஸ்லாமிய வழக்கம் அல்ல. அதன் அருகே நின்று இறைவனைத் தொழவே பலர் விரும்புகின்றனர்.