பழைய மடிப்பு வண்டியை வாங்கலாமா?

அமெரிக்காவில் வாழும் குடும்பங்களுக்குக் கோடைக்காலம் நெருங்கும்போது, குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஏதேனும் ஒரு வனத்தில் நாலு இரவுகள் தங்கிவர வேண்டும் என்ற ஆசை எழுவது இயற்கை. எதிலே தங்குவது என்ற கேள்வியும் அந்த ஆசையோடு கூடவே எழுந்துவிடுகிறது. கூடாரம் ஒன்றை வாங்கிக் காரின் பின்புறத்தில் போட்டுக்கொண்டு போகலாம். சுவரும் கூரையும் கதவும் உறுதியாக அமைந்த டிரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு போகலாம். இவ்விரண்டுக்கும் நடுவே, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் விற்பனை அட்டையோடு நிற்கிற, இருபது இருபத்தைந்து வயதான பாப்-அப் கேம்பர் என்னும் மடிப்பு வண்டியையும் வாங்கலாம். இம்மூன்றில் எது உத்தமம் என்று ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் விலையையும் படுக்கைகளின் எண்ணிக்கையையும் வைத்தே கணக்குப் போடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான்: மழை பெய்தால் எது நம்மைக் காக்கும், மழை நின்றபின் அதை எங்கே, எப்படி உலர்த்தப்போகிறோம் என்ற இரண்டையும் தீர்மானித்துவிட்டால், மற்றவற்றில் பெரும்பாலானவை தாமே தீர்மானமாகிவிடும்.

கூடாரத்தின் அனுகூலங்கள் யாவரும் அறிந்தவை. அதற்குப் பதிவுச் சான்றிதழும் வேண்டாம், நிறுத்திவைக்க இடமும் வேண்டாம். நனைந்தாலும் அபார்ட்மெண்ட் பால்கனியில் ஒரு பகல் விரித்துப்போட்டால் உலர்ந்துவிடும். ஆனால் இரவெல்லாம் மழை கொட்டும்போது அடிவிரிப்பின் ஓரமாகக் கசிந்துவரும் நீர், காற்றுமெத்தையையும் போர்வையையும் நனைத்துவிட்டால், மறுநாள் அந்தக் குடும்பத்துக்கு உற்சாகம் என்பது மிச்சமிராது. ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் தந்தையரைத் தரையில் படுக்கவைத்து, நடுநிசியில் குனிந்து வெளியேறிக் கழிப்பறையைத் தேடிப்போகும்படி விடுவதும் உசிதமல்ல. இளந்தம்பதியருக்கும், நடக்கத் தெரிந்த குழந்தைகளுக்கும் கூடாரமே போதும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சுவர் வைத்த டிரெய்லரோ சௌகரியத்தில் குறைவற்றது. கழிப்பறையும் உள்ளேயே இருப்பதால், வயோதிகர்களோடு அடிக்கடி பிரயாணம் செய்கிறவர்களுக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. சில இடங்களில் அது ஒன்றுக்குத்தான் அனுமதியும் உண்டு: யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில், கிரிஸ்லி கரடிகள் நடமாடும் காரணத்தால், கூடாரங்களையும் கித்தான் சுவருள்ள மடிப்பு வண்டிகளையும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆனால் இருபது, இருபத்திரண்டு அடி நீளமுள்ள டிரெய்லர் சாதாரணமாக 4,000 ராத்தலுக்கு மேல் எடையுள்ளது. நம் குடும்பங்களில் பலரிடம் இருக்கும் டொயோட்டா சியென்னா போன்ற மினிவேன்கள் இழுக்கவல்ல உச்ச எடையோ 3,500 ராத்தல். ஆகவே டிரெய்லரை வாங்கப் போனவர் லாரி போன்றதொரு வாகனத்தையும் சேர்த்தே வாங்கவேண்டியதாகிறது.

இங்கேதான் மடிப்பு வண்டியின் விசேஷம் தெரிகிறது. இண்டியானா மாநிலத்தின் மிடில்பரியில் லாயிட் பான்ட்ரேகர் என்பவர் 1968-ல், தாம் கண்டுபிடித்த கூரை தூக்கும் பொறியை ஆதாரமாகக் கொண்டு, மடிப்பு வண்டிகளைச் செய்ய ஜேகோ நிறுவனத்தைத் தொடங்கினார். பென்சில்வேனியாவின் சாமர்செட்டில் கோல்மன் பெயர் தாங்கிய வண்டிகள் பல்லாண்டுகள் செய்யப்பட்டன. பெரும்பாலானவற்றில் தத்துவம் ஒன்றே: கைப்பிடியைச் சுழற்றினால் வின்ச்சில் சுற்றியுள்ள கம்பிவடம் இழுபட்டு, நான்கு மூலைகளிலும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியுள்ள கம்பங்களை மேலே தள்ள, கூரை சமமாக எழும்பும், முன்னும் பின்னும் படுக்கைகளை வெளியே இழுத்துவிட்டால், பெட்டியாக வந்தது ஆறு பேர் படுக்கும் அறையாகிவிடும். எடையும் பெரும்பாலும் 1,500 முதல் 2,500 ராத்தலுக்குள் அடங்குகிறது. மடித்த நிலையில் அதன் கூரைக்கு மேலாகப் பின்னால் வரும் வாகனங்களைக் கண்ணாடியில் பார்க்கமுடிகிறது. எதிர்க்காற்றின் இழுப்பும் குறைவு. தரைக்கு மேலே, உலர்ந்த மெத்தையில் படுத்துக்கொண்டு, வலைச் சன்னல்களின் வழியே காட்டின் ஓசையைக் கேட்டபடி உறங்கும் சுகத்தைக் கூடாரமும் முழுதாகத் தராது, டிரெய்லரும் தராது.

ஆயினும் பழைய வண்டி என்று வரும்போது, அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது, யார் செய்தது என்பதைவிட, இத்தனை ஆண்டுகளாக உலர்ந்திருந்ததா என்பதே முக்கியம். விற்பவர் அதை முழுவதும் விரித்துக் காட்டச் சம்மதிக்கவேண்டும்; நேரமில்லை என்று அவர் சொன்னால், எவ்வளவு மலிவானாலும் திரும்பிவிடுங்கள். விரித்ததும் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு, முதலில் மூக்கை நம்புங்கள். பூஞ்சை வாடை எதைத் தெளித்தாலும் முற்றிலும் மறையாது. பிறகு கித்தானை வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால், வெயில் தின்ற இடங்களும் தையல் ஓரத்து ஊசித்துளைகளும் நட்சத்திரங்களைப்போல் தெரிந்துவிடும். அடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியிலும், கதவண்டையிலும், நான்கு மூலைகளிலும் தரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பலகை விரலுக்கு இடங்கொடுத்து உள்ளே வாங்கினால், மேலே ஒட்டியிருக்கும் புதிய விரிப்பு மறைக்கும் அளவுக்கு அடியிலே மரம் உளுத்திருக்கிறது என்று அர்த்தம். கூரையில் ஏறிநின்று பார்க்கவேண்டாம்; அதன் ஓரங்களைக் கைகளால் மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாலே போதும். 1990களின் பிற்பகுதியில் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கால் வார்த்த கூரைகள் பல வெடித்துக் கசிந்தன. அத்தகைய கூரையில் பூச்சுப் பூசியிருந்தால், எப்போது, எதனால் பூசினார்கள் என்று விசாரியுங்கள். கித்தானை முழுவதும் மாற்றுவதற்கு ஆகும் செலவு சில சமயம் பழைய வண்டியின் விலையையே தாண்டிவிடும். உளுத்த தரையை மாற்றுவதோ தச்சு வேலை தெரிந்தவர்களுக்கும் மாதக்கணக்கான பிரயாசை. எரியாத விளக்கு, ஓடாத குளிர்பெட்டி, கிழிந்த திரைச்சீலை ஆகியவற்றைக் கண்டு பயப்படவேண்டியதில்லை. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ளலாம்.

சக்கரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்: 1519 என்றிருந்தால் 2019-ன் பதினைந்தாவது வாரம். ஆண்டில் பெரும்பாகம் நின்றுகொண்டே இருக்கும் வண்டியின் டயர் தேயாமலே உள்ளுக்குள் செத்துப்போவதால், ஐந்தாறு ஆண்டு கடந்தவற்றைப் பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்ளக் கூடாது. பேரிங்குகளுக்குப் புதிய கிரீஸும், வண்டிக்குள் புதிய புரொப்பேன் கசிவு எச்சரிக்கைக் கருவியும், கார்பன் மோனாக்ஸைடு கருவியும் முதல் பயணத்துக்கு முன்னரே வேண்டும். பிரேக் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பல மாநிலங்களில் 3,000 ராத்தலிலிருந்து அவசியமாகும் டிரெய்லர் பிரேக், கலிபோர்னியாவில் இத்தகைய முகாம் வண்டிகளுக்கு 1,500 ராத்தலிலேயே அவசியம். அங்கே டிரெய்லர் இழுக்கும் வாகனம் மணிக்கு 55 மைலுக்கு மேல் போவதும் குற்றம்.

முகாமில் அதை விரிக்க ஏறக்குறைய அரை மணி நேரமாகும். வரிசை மட்டும் மாறக் கூடாது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இடவலமாகச் சமன் செய்து, காரிலிருந்து பிரித்து, முன்பின்னாகச் சமன் செய்து, நான்கு மூலைக் கால்களையும் இறக்கிய பிறகே கூரையை உயர்த்தவேண்டும். கால்களை இறக்காமல் படுக்கையை வெளியே இழுத்து அதில் ஆள் ஏறினால் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். யோசெமிட்டி பூங்காவில், கரடிகள் வரும் காரணத்தால், கித்தான் வண்டிக்குள் இரவில் உணவை வைத்திருக்கக் கூடாது. மளிகைச் சாமான் முழுவதும், பற்பசை உட்பட, முகாமிடத்திலுள்ள இரும்புப் பெட்டிக்குள் போகவேண்டும்.

இனி உலர்த்தும் விஷயம். மழையில் நனைந்த மடிப்பு வண்டியை வேறு வழியின்றி ஈரத்தோடேயே மடித்துக்கொண்டு வரவேண்டிய நாள் எந்தக் குடும்பத்துக்கும் வரும். வந்தால், வீடு சேர்ந்த மறுநாளுக்குள்ளாகவாவது அதைத் திறந்து, கித்தானின் மடிப்புகள் உட்பட முற்றிலும் காயவிடவேண்டும். திறந்த நிலையில் இருபது அடிக்கும் மேல் நீளும் அவ்வண்டிக்கு வீட்டு முற்றத்தில் இடமிருந்து, குடியிருப்போர் சங்கத்தின் விதியும் தடைசெய்யாமலிருந்தால், தாராளமாக வாங்குங்கள். அபார்ட்மெண்டில் வசித்துக்கொண்டு, வண்டியை வாடகைக் கிடங்கு ஒன்றில் பூட்டிவைக்க உத்தேசித்திருப்பவர்களுக்கு, வண்டி எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், வேண்டாம் என்றே சொல்லுவேன். அவர்கள் நல்ல மழைவிரிப்புள்ள கூடாரத்தையும், மடக்குக் கட்டில்களையும் வாங்கி, பெரியவர்கள் உடன் வரும் ஆண்டில் மரக்குடில் ஒன்றைப் பதிவு செய்துகொள்வதே சிலாக்கியம்.

இடமும் இருக்கிறது, வண்டியும் உலர்ந்திருக்கிறது என்றால், வாங்கிய வாரத்திலேயே அதை முற்றத்தில் விரித்து, தோட்டக்குழாயால் கூரைமேல் கால் மணி நேரம் தண்ணீர் பாய்ச்சி, உள்ளே ஒரு காகிதத் துண்டால் ஓரங்களை ஒற்றிப் பாருங்கள். அன்று இரவு குழந்தைகளோடு அதிலேயே படுத்துத் தூங்குங்கள். பிறகு, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் உள்ள மாநிலப் பூங்கா ஒன்றில், மின் இணைப்புள்ள சமதளமான இடமாகப் பார்த்து இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்துகொண்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச்சேரும்படி புறப்படுங்கள்.