குழவியின் கையும் அறிவும்

குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் கண்ணையும் காதையுமே பெரிதாகப் பேசுவர். கையை எண்ணுவோர் சிலரே. கையும் அறிவுக்கு ஒரு வாயில் என்பதை உளவியல் சோதனைகள் சிலவற்றால் விளக்க முயல்கிறேன்.

பிறந்த குழவியின் உள்ளங்கையில் நம் விரலை வைத்தால் இறுகப் பற்றும். அது அனிச்சைச் செயல், விருப்பத்தால் நிகழ்வதன்று. கண்ட பொருளை எட்டிப் பிடிக்கும் திறன் ஏறத்தாழ நான்காம் மாதத்தில்தான் வருகிறது. அதற்கு முன்பே அத்திறனை இரவலாகக் கொடுத்தால் என்ன நிகழும்?

அமெரிக்காவில் ஏமி நீடம் என்னும் உளவியலாரும் உடன் ஆய்ந்தோரும் 2002-இல் இதைச் சோதித்தனர். மூன்று மாதக் குழந்தைகளுக்கு வெல்க்ரோ தைத்த கையுறை அணிவித்தனர், பொம்மைகளிலும் வெல்க்ரோ. கை பட்டால் போதும், பொம்மை ஒட்டிக்கொண்டு வரும்! இவ்வாறு பழகிய குழந்தைகள், பழகாதவற்றைவிடப் பொருள்களில் மிகுந்த நாட்டம் காட்டின.

2005-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. ஒருவர் இரண்டு பொம்மைகளுள் ஒன்றையே மீண்டும் மீண்டும் எடுப்பதைக் குழந்தை காண்கிறது. பிறகு பொம்மைகளை இடம் மாற்றி வைக்கின்றனர். இப்போது அவர் கை பழைய இடத்துக்கே சென்று புதிய பொம்மையைத் தொட்டால், கையுறையால் முன்னரே பழகிய குழந்தை நெடுநேரம் உற்று நோக்குகிறது. ‘இவர் நாடியது இந்தப் பொம்மையை அன்றே!’ என்னும் வியப்பு அது. வெறுமனே பார்த்திருந்த குழந்தைகளிடம் இவ்வேறுபாடு இல்லை. தன் கை செய்ததைக் கொண்டே பிறர் கையின் நோக்கத்தை உணர்கிறது மூன்று மாதக் குழவி! இம்முடிவுகளுக்கு வேறு விளக்கம் கூறுவோரும் உளர். ஆயினும் எனக்கு இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

2010-இல் வந்த ஓர் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. தாமே உட்காரவும், பொருளைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்க்கவும் பழகிய குழந்தைகள், முன்புறம் மட்டும் கண்ட பொருளுக்குப் பின்புறமும் உண்டு என எதிர்பார்த்தன.

இன்று நம் வீடுகளில் அழும் குழந்தையின் முன் கைப்பேசியை நீட்டுகிறோம். அதில் யானையும் கண்ணாடி, பந்தும் கண்ணாடி. திருப்பிப் பார்க்கப் பின்புறம் ஏது? ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டா என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. கிலுகிலுப்பையும், மரச் சொப்பும், அடுக்களைக் கரண்டியும் போதும். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடிச் சிறுமணியையும் எடுக்கும். எடுத்தது வாய்க்கே போகும். எனவே நாணயத்தையும் பொத்தானையும் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.