புதிய எஞ்சின் பழகும் காலம்

புதுச் செருப்புக் காலைக் கடிக்கும் என்பது மக்கள் வழக்கு. புதிதாக வாங்கிய இரும்புத் தோசைக்கல்லில் முதல் நாளே நல்ல தோசை வருவதில்லை. எண்ணெய் தடவிச் சூடேற்றிச் சில நாள் பழக்கிய பின்னரே மாவு ஒட்டாமல் எழும்பும். கார் எஞ்சினுக்கும் இத்தகைய பழகும் காலம் ஒன்று உண்டு. பணிமனைகளில் அதனை ‘ரன்னிங் இன்’ என்பர்.

எஞ்சினுக்குள் சிலிண்டர் எனப்படும் உருளை வடிவான அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. நிமிடத்துக்கு 2,000 சுழற்சி என்று மானி காட்டும்போது, பிஸ்டன் ஒரு நொடியில் முப்பது முறைக்கு மேல் ஏறி இறங்குகிறது. அதனைச் சுற்றி மெல்லிய உலோக வளையங்கள் பொருத்தப்பட்டிருக்கும். எரியும் வாயு கீழே கசியாமலும், கீழுள்ள எண்ணெய் மேலேறி எரியாமலும் காப்பவை இவ்வளையங்களே.

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. தொழிற்சாலையில் அச்சுவரின்மீது வேண்டுமென்றே குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்களை இடுகின்றனர். வழவழப்பான அம்மியில் மிளகாய் அரைபடாது. அதனாலன்றோ அம்மியைக் கொத்துகின்றனர்! இங்கே கீறலின் பள்ளங்களில் எண்ணெய் தங்குகிறது. கீறலின் மேடுகள் வளையத்தோடு உரசிச் சிறிதளவு தேய்கின்றன, வளையமும் தேய்கிறது. இவ்வாறு இரண்டும் ஒன்றற்கொன்று பொருந்துவதே எஞ்சின் பழகுதல்.

புதிய காரை மிக மெதுவாகவே ஓட்டவேண்டும் என்று பலர் கருதுகின்றனர். இது பாதி உண்மையே. எரியும் வாயுவின் அழுத்தம் வளையத்தின் பின்புறம் புகுந்து அதனைச் சுவரோடு அழுத்தினால்தான் பொருத்தம் நிகழும். எப்போதும் ஊர்ந்து சென்றால் அவ்வழுத்தம் போதாது; எண்ணெய் சுவரில் எரிந்து பளபளப்பான படலமாகப் படியவும் கூடும். பின்னர் அக்கார் எண்ணெயைக் குடித்து நீலப் புகை கக்கும். மாறாக, முழு வேகத்தில் விரட்டினால் உரசும் இடங்கள் அளவுக்கு மீறிச் சூடேறிச் சுவரில் வடு உண்டாகும். ஆகவே மிதமான வேகமும், அவ்வேகத்தை அடிக்கடி மாற்றுதலும் வேண்டும். உயர்ந்த கியரில் திணறவிடுதல், குளிர்ந்த எஞ்சினை உறுமவிடுதல் ஆகியவற்றையும் தவிர்த்தல் நலம். பல கையேடுகள் முதல் 1,000 கிலோமீட்டரை இக்காலமாகக் குறிக்கின்றன.

தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் கடன் பெற்றுக் கார் வாங்கியது என்க. மானியில் 300 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கோடை விடுமுறையோ தொடங்கிவிட்டது; மதுரையில் தாத்தாவும் பாட்டியும் வழிபார்த்திருக்கின்றனர். தந்தை காரிலேயே புறப்பட விரும்புகிறார். தாய் தொடர்வண்டியே போதும் என்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆக்ரா வரையுள்ள யமுனை விரைவுச் சாலை 165 கிலோமீட்டர் நீளமுடையது. அங்கே ஒரே வேகத்தில் மணிக்கணக்காகச் செல்வதுதான் எளிது. புதிய எஞ்சினுக்கு ஆகாததும் அதுவே. எனினும் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை வேகத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும், இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தி ஓய்வெடுத்தும் செல்லலாம். நாக்பூரைச் சேருமுன் மானி ஆயிரத்தைத் தாண்டிவிடும். முதல் இலவச சர்வீசைத் தில்லியில்தான் செய்யவேண்டும் என்பதில்லை. அதே நிறுவனத்தின் பணிமனை நாக்பூரில் இருந்தால் அங்கேயே செய்துகொள்ளலாம்.

இனி எண்ணெய். தேய்ந்த உலோகத் துகள்கள் எஞ்சின் ஆயிலில்தான் கலக்கின்றன. பெரிய துகள்களை வடிகட்டி தடுக்கும். மிக நுண்ணியவை எண்ணெயோடு சுற்றிவரும். முதன்முறை வடிக்கும் எண்ணெயை வெயிலில் பார்த்தால் வெள்ளிப்பொடி தூவியதுபோல் மின்னுவதுண்டு. இதைக் கண்ட பழைய மெக்கானிக்குகள், “ஆயிரத்திலேயே ஆயிலை மாத்திடுங்க, சார்” என்பர். அம்பாசிடர் ஓடிய நாளில் அச்சொல் முற்றிலும் பொருந்தியது. இன்று உலோகத்தைக் கடையும் முறைகள் நுட்பமடைந்துள்ளன. தேய்மானத்தின் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. ஆதலால் முதல் சர்வீசில் பல கார்களைச் சோதிப்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். சில நிறுவனங்கள் முதல் எண்ணெயில் தனிச் சேர்மங்களைக் கலப்பதால், அதனை முன்கூட்டி வடிக்க வேண்டா என்றே கூறுகின்றன.

மோட்டார் சைக்கிளின் நிலை வேறு. பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய், துகளும் மிகுதி. ஆகவே அதற்கு முதல் சர்வீசிலேயே எண்ணெய் மாற்றுகின்றனர். கார் வைத்திருப்போர் கையேடு தடுக்காதபோது மனநிறைவுக்காக முன்கூட்டி மாற்றினால் கேடில்லை. சிறிய காருக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் செலவாகும், அவ்வளவே. கையேட்டில் குறித்த தரத்தையே ஊற்றி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். தவறான எண்ணெயை விரைவில் ஊற்றுவதினும் சரியான எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதே மேல்.

சொற்பொருள்
கையேடு – வழிகாட்டும் சிறுநூல். வடு – தழும்பு. படலம் – மெல்லிய போர்வை. என்க – என்று கொள்க.

மொழிப்பயிற்சி
எஞ்சின் பழகுகிறது, ஓட்டுநர் எஞ்சினைப் பழக்குகிறார். ‘பழகு’ தன்வினை, ‘பழக்கு’ பிறவினை. இவ்வாறே உருகு, ஆடு, திருந்து ஆகியவற்றின் பிறவினைகளை எழுதித் தொடரில் அமைக்க.

எழுதுக
1. சிலிண்டர்ச் சுவரில் கீறல் இடுவது ஏன்?
2. தந்தை, தாய் இருவருள் எவர் கருத்தை ஏற்பீர்? பாடத்திலிருந்து இரண்டு காரணம் காட்டுக.
3. வீட்டில் அம்மி, தோசைக்கல் முதலியவற்றைப் பழக்கும் முறையைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.