யூதனேஸியா என்னும் சொல்லும் அதன் பொருளும்



நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடந்தார். பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறுவதற்கு முன், தோட்டந்தோறும் சைக்கிளில் ஜவுளி கொண்டு சென்று விற்றவர் அவர். இப்போது இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டது. நிபுணர்களான இரு டாக்டர்கள், இனிப் பிழைக்க வழியில்லை என்று கூறி, இயந்திரத்தை நிறுத்தக் குடும்பத்தாரின் சம்மதம் கேட்டனர். மூத்த மகன் நம்மிடம் வந்தார். "இதற்கு யூதனேஸியா என்று பெயராமே! அத்தாவை நாங்களே கொன்ற பாவம் வந்து சேராதா?" என்று கண் கலங்கினார்.

இக்கேள்விக்கு விடை காணுமுன் அச்சொல்லை அறிந்துகொள்வது அவசியம்.

கிரேக்க பாஷையில் 'யூ' என்றால் நல்ல. 'தனடோஸ்' என்றால் மரணம். ஆகவே யூதனேஸியா என்பதன் நேர்ப்பொருள் நல்ல மரணம் என்பதே. கொலை என்ற அர்த்தம் அதில் இல்லை. கி.பி. 14இல் இறந்த ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸ், வேதனையின்றி விரைவில் வரும் மரணத்தையே இச்சொல்லால் குறித்துத் தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் விரும்பினார் என்று சரித்திராசிரியர் சூட்டோனியஸ் எழுதியுள்ளார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேக்கன், மரிப்பவரின் நோவைத் தணிப்பதும் வைத்தியரின் கடமை என்ற கருத்தில் இதனை வழங்கினார்.

1870இல்தான் பொருள் திரும்பிற்று. தீராத நோயாளி விரும்பினால் மருந்து கொடுத்து உயிரை முடிக்கலாம் என்று சாமுவேல் வில்லியம்ஸ் என்பவர் இங்கிலாந்தில் கட்டுரை எழுதினார். பின்னர் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி, 1939 முதல் 1941 ஆகஸ்டு வரை, ஊனமுற்றோரிலும் மனநோயாளரிலும் 70,000க்கும் அதிகமானோரை இதே பெயரைச் சொல்லிக் கொன்றது.

நம் தமிழகத்திலும் இத்தகைய மறைப்பு உண்டு. விருதுநகர் வட்டாரத்தில் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி, இளநீர் புகட்டி உயிர் போக்கும் வழக்கத்திற்குத் 'தலைக்கூத்தல்' என்று பெயர். கேட்டால் குளிப்பாட்டுவது போலத்தான் தோன்றும்!

வியாபாரிகளாகிய நாம் மூட்டையின் மேலுள்ள எழுத்தை நம்பி அரிசி வாங்குவதில்லை; குத்தூசியால் குத்தி உள்ளிருப்பதைப் பார்த்தே விலை பேசுகிறோம். இங்கும் அவ்வாறே பெயரை விட்டுச் செயலைப் பார்க்க வேண்டும்.

மலேசிய தேசிய ஃபத்வா குழு 2011 டிசம்பரில் இவ்விஷயத்தை ஆராய்ந்து இரண்டையும் பிரித்துக் காட்டியது. அஜல் வருமுன் உயிரைப் போக்குவதும், மரணத்தை விரைவுபடுத்தும் நோக்கத்துடன் சிகிச்சை செய்வதும் ஹராம். கருணைக்கொலை என்று தமிழில் வழங்குவது இதுவே. ஆனால் சிகிச்சை அளிக்கும் நிபுணர்கள் பிழைக்க வழியில்லையென உறுதி கூறி, குடும்பத்தாரும் சம்மதித்தால், உயிர்தாங்கும் இயந்திரத்தை நிறுத்துவது ஆகும். ஏனெனில் அது கொல்வதன்று, மரணம் இயல்பாக வர விடுவதேயாகும்.

இதையே அம்மகனுக்கு எடுத்துச் சொல்லி, ஆலிம் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளச் சொன்னோம். கேட்ட பின் சம்மதித்தார். பிள்ளைகள் யாஸீன் ஓத, பெரியவர் அமைதியாக மௌத்தானார்.

மரணத்தை ஆசைப்பட வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நல்ல முடிவை, ஹுஸ்னுல் காத்திமாவை, வேண்டுவதோ நம் அன்றாட துஆ. அதற்கு முன்னேற்பாடும் வேண்டாமா? கடன் கணக்கைத் தீர்த்து, வஸிய்யத்து எழுதி, ஆஸ்பத்திரியில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பிள்ளைகளிடம் இன்றே பேசி வைப்போமாக. அந்த நேரத்தில் அவர்கள் தனியே தவிக்க வேண்டியிராது.