வேலி பயிரை மேயுமிடத்து

மூட்டுநோவு யாவும் முதுமையின் விளைவெனக் கொள்ளுதல் நம்மவர் வழக்கம். ஆயின் முடக்குவாதம் என்னும் நோய் இளையோரையும் நடுவயதினரையும் பற்றுவது. அதன் காரணத்தையும், அதற்கு மருந்து கண்ட வரலாற்றையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

நோய்க்கிருமிகளை எதிர்த்தழிக்கும் ஆற்றலை நிர்ப்பீடனம் என்பர். அந்நியப் பொருளை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களே பிறபொருளெதிரிகள். இக்காவல் தன்னுடலையே பகையெனக் கருதித் தாக்குமாயின், வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். முடக்குவாதத்தில் நிகழ்வது இதுவே. மூட்டின் உட்சவ்வு அழற்சியுற்றுத் தடிக்கும். நாளடைவிற் குருத்தெலும்பும் என்பும் அரிக்கப்படும். எழுதிப் பழகிய கை எழுதுகோலைப் பற்றவும் இயலாது வருந்தும்.

இதற்கு மருந்து தேடியோர் பிறபொருளெதிரியையே கருவியாகக் கொண்டனர். 1975ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜிலே கோலர், மில்ஸ்ரைன் என்னும் அறிஞர் இருவர், பிறபொருளெதிரியை ஆக்கும் சுண்டெலிக் கலத்தை ஓயாது பெருகும் புற்றுநோய்க் கலத்தோடு இணைத்தனர். அவ்விணைப்பிற் பிறந்த கலங்கள் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டுமளவு சுரந்தன. 1984இல் நோபெல் பரிசு அவர்களைச் சார்ந்தது.

இனி, எதனைத் தடுப்பது என்னும் வினா எழுந்தது. அழற்சியைத் தூண்டும் தூதுப் புரதங்கள் பல. ஒன்றைத் தடுப்பின் மற்றொன்று அதன் தொழிலைச் செய்யுமன்றோ? இலண்டனில் மார்க் பெல்ட்மன், ரவீந்தர் மைனி குழுவினர் நோயாளரின் மூட்டுக் கலங்களை வளர்த்து ஆராய்ந்தனர். ரி.என்.எவ் எனச் சுருக்கி வழங்கும் புரதத்தைத் தடுத்தபோது, அழற்சிக்குரிய பிறிதொரு தூதும் தணியக் கண்டு, 1989இல் அதனை வெளியிட்டனர். தலைவன் அகப்படப் படை தளர்ந்தது போலும் இது. 1992இல் சேரிங் குறொஸ் மருத்துவமனையில் 20 நோயாளரிடத்து இம்முறை பரீட்சிக்கத் தொடங்கப்பட்டது. நோவும் வீக்கமும் விரைவிற் குறைந்தன. மருந்தின் வலி குன்ற நோய் மீண்டது. மீளக் கொடுக்க மீளத் தணிந்தது. ஆகவே இம்மருந்து நோயை அடக்குவதேயன்றி வேரறுப்பதன்று என்பது புலனாயிற்று.

முதன்மருந்தாகிய இன்பிளிக்சிமாப்பிற் சுண்டெலிக் கூறும் இருந்தமையால், உடல் அதனையே அந்நியமெனக் கொண்டு எதிர்த்தலும் உண்டு. முற்றும் மனிதப் புரத அமைப்புடைய அடலிமுமாப் 2002இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. ரி.என்.எவ் வீணே அமைந்ததன்று; காசநோய்க் கிருமியைச் சூழ அரணெழுப்பிச் சிறைவைப்பதற்கும் அது துணைபுரிகின்றது. அதனைத் தடுத்தால் உறங்கிய கிருமி விழித்தெழலாம். இவ்வாபத்தை 2001இல் வெளியான ஆய்வொன்று தெளிவுறுத்தியது. ஆதலின் மருந்தைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை இன்றியமையாதது. அந்நோய் இன்னும் ஒழியாத நம் இலங்கையில் இதனை மறத்தலாகாது.

பகையை வெல்லும் வலிமை உயிர்க்கு வேண்டும். அவ்வலிமை அளவு கடவாமையும் வேண்டும். காலையில் விரல்மூட்டுக்கள் வீங்கி விறைத்து, அந்நிலை வாரக்கணக்கில் நீடிப்பின், முதுமையென்று வாளாவிராது வைத்தியரை நாடுக. என்பு அரிக்கப்படுமுன் தொடங்கும் மருத்துவமே கையைக் காக்கும்.