பாத்ரூமில் ஊற்றும் கிளீனர் எஸ்.டி.பி.யை என்ன செய்யும்? மொபைலிலேயே பார்க்கலாம்

பாத்ரூமில் ஊற்றிய கிளீனர் எங்கே போகிறது என்று கேட்டால், "டிரெய்னேஜ்ல போயிடும்" என்போம். சரி, அதற்குப் பிறகு? சென்னையில் என்றால் பாதாளச் சாக்கடை வழியாகக் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களில் உள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அந்த வளாகத்திலேயே இருக்கும் எஸ்.டி.பி.க்கு. அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்வது மெஷின் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மோட்டாரும் ப்ளோயரும் காற்றை மட்டுமே கொடுக்கின்றன. அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்.

காற்றூட்டத் தொட்டியில் காப்பி நிறத்தில் சுழன்றுகொண்டிருக்கும் கலங்கல், அழுக்கு அல்ல. அதுதான் அந்த உயிருள்ள கசடு. 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் இந்த முறையை வெளியிட்டார்கள். நூறு வருடம் தாண்டியும் உலகம் முழுக்க இதே அடிப்படைதான். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் இப்படிச் சுத்தமான நீரை மேலும் வடிகட்டி, தலா தினமும் 4.5 கோடி லிட்டர் அளவுக்குத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க ஆலைகள் உள்ளன. முதல் கட்டத்தில் பாக்டீரியா படுத்துவிட்டால், அடுத்த கட்டத்து வடிகட்டிகளும் திணறும்.

ஆக, கேள்வி இதுதான். ஒரு ரசாயனம் இந்த பாக்டீரியாக்களுக்குக் கேடு செய்யுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது", "மூலிகை கலந்தது" என்று லேபிளில் போட்டிருப்பதால் ஒன்றும் தெரியாது. கிருமிநாசினியின் வேலையே கிருமியைக் கொல்வது. எஸ்.டி.பி.யில் இருப்பது நல்ல பாக்டீரியா என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஆய்வகத்தில் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். மூச்சைப் பார்ப்பது. பாக்டீரியாக்கள் உணவு உண்ணும்போது நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுக்கின்றன. நலமாக இருந்தால் வேகமாக இழுக்கும், விஷம் ஏறினால் வேகம் குறையும். ஓ.இ.சி.டி. அமைப்பின் 209-ஆம் எண் சோதனை முறை இதைத்தான் அளக்கிறது. 1984-இல் வந்தது, 2010-இல் திருத்தப்பட்டது.

பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர் வரும் நிலையத்திலிருந்து கசடு எடுத்து வருகிறார்கள். லிட்டருக்கு 1.5 கிராம் உலர்கசடு இருக்கும்படி கலக்கி, பெப்டோன், இறைச்சிச்சாறு, யூரியா எல்லாம் சேர்ந்த செயற்கைக் கழிவுநீரைச் சாப்பாடாகக் கொடுக்கிறார்கள். பிறகு பல பாத்திரங்களில் ரசாயனத்தை வெவ்வேறு அளவில் சேர்த்து, 20 டிகிரி வெப்பத்தில் 3 மணி நேரம் காற்று ஊதுகிறார்கள். முடிந்ததும் காற்றை நிறுத்தி, கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று மீட்டரில் பார்க்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரசாயனம் சேர்க்காத பாத்திரத்தில் 6 நிமிடத்தில் ஆக்சிஜன் 7 மி.கி.யிலிருந்து 3-க்கு இறங்குகிறது. ரசாயனம் சேர்த்ததில் 7-லிருந்து 5-க்குத்தான் இறங்குகிறது. முதலாவதில் 4, இரண்டாவதில் 2. மூச்சு பாதியாகிவிட்டது. எந்த அளவு ரசாயனம் மூச்சைப் பாதியாக்குகிறதோ அந்த அளவுக்குப் பெயர் இ.சி.50. இந்த எண் சிறியதாக இருந்தால் விஷம் கடுமை. பெரியதாக இருந்தால் பயம் குறைவு.

இதில் ஏமாறவும் வழி உண்டு. சில ரசாயனங்கள் தாமாகவே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அப்போது பாக்டீரியா செத்திருந்தாலும் மீட்டர் இறங்கும். அதனால் கசடே இல்லாமல் ரசாயனம் மட்டும் போட்ட பாத்திரம் ஒன்றும் வைக்கிறார்கள். கொண்டுவந்த கசடே சோணங்கியாக இருந்தால் என்ன செய்வது? அதற்காக 3,5-டைகுளோரோபீனால் என்ற தெரிந்த விஷத்தைக் கொடுத்துச் சரிபார்ப்பு. அதன் இ.சி.50 லிட்டருக்கு 2 முதல் 25 மி.கி.க்குள் வராவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கசடில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று சாதாரண அழுக்கைத் தின்பது, சீக்கிரம் பெருகும். இன்னொன்று சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது. இந்த இரண்டாம் கூட்டம் மெதுவாகத்தான் பெருகும், பெரும்பாலும் முதலில் அடிபடுவதும் இதுதான். அதனால் இந்தக் கூட்டத்தை மட்டும் தூங்க வைக்கும் அல்லைல்தயோயூரியா என்ற பொருளைச் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை அளக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அம்மோனியா கூட்டத்தின் மூச்சு. ஒரு எஸ்.டி.பி.யில் இந்தக் கூட்டம் அழிந்தால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை அம்மோனியா அப்படியே வெளியே போகும்.

இனி உங்கள் மொபைலை எடுங்கள். நீங்கள் வாங்கும் பொருளின் பெயருடன் எஸ்.டி.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தேடுங்கள். பாதுகாப்புத் தரவுத்தாள் வரும். அதில் 16 பிரிவுகள் இருக்கும். 12-ஆம் பிரிவு சுற்றுச்சூழல் பற்றியது. மீன், பாசி என்ற வரிகளுக்குக் கீழே கசடு அல்லது நுண்ணுயிரி என்று ஒரு வரி இருந்தால், பக்கத்தில் 3 மணி நேரம், 209 என்ற எண்கள் தெரியும். அதுதான் நாம் பேசும் சோதனை. "1000-க்கு மேல்" என்று இருந்தால் நல்லது. ஒற்றை இலக்கமோ இரட்டை இலக்கமோ இருந்தால் கவனம் தேவை. அந்த வரியே இல்லை என்றால் சோதித்துப் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. இ.சி.50-ஐப் பாதுகாப்பு எல்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பாதி மூச்சு நின்ற இடம்.

கொரோனா காலத்திலிருந்து எங்கும் விற்கும் பென்சால்கோனியம் குளோரைடு கிருமிநாசினியை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் இ.சி.50 லிட்டருக்கு 10 மி.கி.யை ஒட்டி இருக்கும். 100 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 54,000 லிட்டர் கழிவுநீர். ஒவ்வொரு வீட்டிலும் 1 சதவீதக் கரைசலில் 20 மில்லி பயன்படுத்தினால் மொத்தம் 20 கிராம், அதாவது லிட்டருக்குச் சுமார் 0.4 மி.கி. இவ்வளவு குறைந்த அளவை பாக்டீரியாவே மெல்லத் தின்று தீர்க்கும். ஆனால் காலாவதியான 10 சதவீதக் கரைசல் 20 லிட்டர் கேனை "வேஸ்ட்தானே" என்று ஒருவர் டிரெய்னில் கவிழ்த்தால் 2 கிலோ. நாள் முழுவதும் வரும் நீரில் சமமாகக் கலந்தாலே லிட்டருக்கு 37 மி.கி. சமமாகக் கலக்காது, ஒரே மூச்சில் போய்ச் சேரும். கசடில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாலும் மீதியே போதும்.

ஆசிட் விஷயத்தில் இந்தத் தாளை மட்டும் நம்ப வேண்டாம். சோதனையில் ரசாயனம் புளிப்பாக இருந்தால் அதை நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே கசடைச் சேர்ப்பார்கள். நம் வீட்டு செப்டிக் டேங்கில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

எஸ்.டி.பி. பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர்களுக்கு ஒரு குறிப்பு. ப்ளோயர் வேகம் மாறாமலேயே தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் திடீரென ஏறினால், "காற்று நல்லா போகுது" என்று சந்தோஷப்படாதீர்கள். மூச்சு விட ஆள் இல்லாததால்கூட ஏறியிருக்கலாம். அந்த நேரத்தில் வரும் நீரைச் சமன்படுத்தும் தொட்டியில் நிறுத்தி வைத்து, காற்றை விடாமல் கொடுங்கள். கசடு செத்துவிட்டது என்று உறுதியானால், நல்லபடி ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து கசடு வாங்கி வந்து சேர்க்க வேண்டியிருக்கும்.

சங்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கிளீனர் வாங்கும்போது, விலைப்பட்டியலுடன் தரவுத்தாளையும் அனுப்பச் சொல்லுங்கள். காலாவதியான கேன்களை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று அப்போதே கேட்டு வைக்கலாம். உங்கள் தெருவில் லாரியோ டிரம்மோ கொண்டுவந்து பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து ரசாயனம் ஊற்றுவதைப் பார்த்தால், சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குப் பேசலாம். இடம், நேரம், வாசனை, நிறம் இவற்றைச் சொன்னால் போதும். மூடிக்கு அருகே போய் எட்டிப் பார்க்கவோ முகர்ந்து பார்க்கவோ வேண்டாம்.